42,500 ரூபாய் போச்சு: ஆக்டிவ் டைரக்டரி வேலைக்கு ஆன்லைனில் ஆள் பிடிப்பவர்கள் கவனத்துக்கு

திங்கட்கிழமை நடந்தது. இன்று வியாழன். கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஒரு முந்திரி கம்பெனியின் நெட்வொர்க் என் பொறுப்பு. ஆபீஸ் நாகர்கோவிலில், ஃபேக்டரி மார்த்தாண்டம் பக்கம், இரண்டு இடத்திலும் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஊழியர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர். அந்த அக்கவுண்ட் எல்லாம் இருக்கும் பட்டியல்தான் ஆக்டிவ் டைரக்டரி. வேலையை விட்டுப் போனவர்களின் லாகின் எல்லாம் அப்படியே திறந்து கிடக்கிறது என்று ஆடிட்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார். சரி, ஆட்டோமேட் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். புது ஆள் பெயர் எக்செல்லில் ஏறினால் அக்கவுண்ட் தானாக உருவாகி, சரியான ஓயூவில் (அக்கவுண்டுகளைப் பிரித்து வைக்கும் பிரிவில்) உட்கார்ந்து, குரூப்பிலும் சேர வேண்டும். 90 நாள் யாரும் தொடாத அக்கவுண்டை முடக்க வேண்டும். முடக்கி 30 நாள் கழித்து அழிக்க வேண்டும். இதற்கு ஸ்கிரிப்ட் எழுதும் பவர்ஷெல் எனக்கு அரைகுறை. அதனால் ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளத்தில் போட்டேன். பேசியது 42,500 ரூபாய்.

நான் எங்கே விழுந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ காலில் வந்த பையன் வாயைத் திறந்ததும் நம்ம ஊர் பேச்சு. "நமக்கு தக்கலை பக்கம்தாண்ணே" என்றான். அவன் பேசும்போது பின்னால் ஓட்டில் மழை விழும் சத்தம். இங்கேயும் மழை. "அண்ணே, அங்கயும் பெய்யுதா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அதற்குமேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஸ்க்ரீனைப் பகிர்ந்து, டெஸ்ட்யூசர்1 என்று எக்செல்லில் ஒரு பெயரை அடித்தான். ஒரு நிமிஷத்துக்குள் அக்கவுண்ட் உருவாகி, குரூப்பில் ஏறி, என் மொபைலுக்கு மெயிலும் வந்துவிட்டது. நான் கைதட்டாத குறை. "ரீசைக்கிள் பின் ஆன் பண்ணியாச்சா தம்பி?" என்று கேட்டேன். அழித்த அக்கவுண்டை அப்படியே மீட்கும் வசதி அது. "அதெல்லாம் முதல் நாளே பண்ணியாச்சுண்ணே" என்றான்.

பணம் தளத்தின் கையில்தான் இருக்கும், நாம் 'வேலை முடிந்தது' என்று அழுத்தினால்தான் அவனுக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்புண்ணே, இன்னைக்கு விட்டியள்னா கைக்கு வந்துரும்." அழுத்திவிட்டேன். 42,500 ரூபாய்.

அவன் வைத்த டாஸ்க் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முதல் தடவை ஓடியது. திங்கள் காலை 8.40-க்கு ஃபேக்டரியிலிருந்து போன். ஒருத்தருக்கும் லாகின் ஆகவில்லை. போய்ப் பார்த்தால் 38 அக்கவுண்ட் இல்லை. முடக்கியதோடு நிற்கவில்லை, அழித்தே விட்டது.

அவன் எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டான் என்பதில்தான் கோளாறு. அவன் பார்த்தது லாஸ்ட்லாகான், கடைசியாக லாகின் செய்த நேரம். அது ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் தனித்தனியாக இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து தினமும் லாகின் செய்கிறவர், நாகர்கோவில் சர்வரைக் கேட்டால் ஜென்மத்தில் வராதவர். பார்க்க வேண்டியது லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப். அது எல்லா சர்வருக்கும் பரவும். 14 நாள் வரை பின்தங்கும்தான், ஆனால் 90 நாள் கணக்குக்கு அது தாராளம். இன்னொரு கூத்து, 30 நாள் காத்திருப்பை முடக்கிய தேதியிலிருந்து எண்ணாமல் அதே லாஸ்ட்லாகானிலிருந்து எண்ணியிருக்கிறான். ஆகவே ஒரே ராத்திரியில் முடக்கம், ஒரே ராத்திரியில் அழிப்பு.

அவன் வெள்ளிக்கிழமையே அனுப்பிய சோதனை லிஸ்ட்டை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கடைசியாக லாகின் செய்த நேரம் என்ற இடத்தில் 38 பேருக்கும் 1601 ஜனவரி 1, காலை 5.30. காலியாக இருந்தால் விண்டோஸ் அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூடும். 1601-இல் குளச்சல் போருக்கே இன்னும் 140 வருஷம் பாக்கி. நான் மேலே இருந்த பத்து வரியைப் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். அது என் தப்பு.

ரீசைக்கிள் பின்? ஆன் பண்ணவே இல்லை. பேக்கப் டிஸ்க் நிறைந்து மூன்று வாரமாக பேக்கப்பும் ஓடவில்லை. அதுவும் என் தப்புதான். அதனால் 38 பேருக்கும் புதிதாக அக்கவுண்ட் போட்டேன். அதே பெயர் வைத்தாலும் எஸ்ஐடி (விண்டோஸ் ஆளை அடையாளம் காணும் எண்) வேறு, விண்டோஸுக்கு அவர் புது ஆள். ஃபோல்டர் பெர்மிஷன் எல்லாம் திரும்பப் போட வேண்டும். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா, 17 வருஷமாக அங்கே இருக்கிறவர், காலியான டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் கூலி ஷீட் எல்லாம் எங்க போச்சு?" என்றார். பழைய ப்ரொஃபைல் சி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று விளக்கிச் சொல்லியும் அவருக்கு முகம் தெளியவில்லை.

அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். முதல் தடவை, "பஸ்ல இருக்கேண்ணே, இறங்கிட்டு கூப்பிடுறேன்." மத்தியானம், "உங்க சர்வர் செட்டப் பிரச்சினைண்ணே." சாயந்திரம் நீல டிக் மட்டும். செவ்வாய்க்கிழமை பிளாக். வளைகாப்பு நடந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

தளத்துக்காரர்கள் அவனுக்கு மேல். சாட்டில் ஒரு பாட், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று நாலு தடவை சொன்னது. மனுஷன் ஒருத்தர் வர ஆறு மணி நேரம். வந்தவரும், நீங்களே ஒப்புதல் கொடுத்த பிறகு 42,500 ரூபாயைத் திருப்ப விதி இல்லை என்று ஒரே வரியில் முடித்தார். டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடி, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று மெயில் வேறு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. ரீசைக்கிள் பின்னை நீங்களே ஆன் பண்ணுங்கள். அழிக்கும் வேலையை ஆட்டோமேஷனிடம் கொடுக்காதீர்கள், முடக்குவதோடு நிற்கட்டும். லிஸ்ட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். டாஸ்க் ஒரு தடவையாவது ஓடி முடியாமல் பணத்தை விடாதீர்கள், யார் வீட்டு வளைகாப்பாக இருந்தாலும்.

இதை எழுதிக்கொண்டே, நெட்வொர்க்கில் முழு அதிகாரம் உள்ள டொமைன் அட்மின்ஸ் குரூப்பைத் திறந்து பார்த்தேன். டெஸ்ட்யூசர்1 அதில் இருக்கிறது. நாகர்கோவில் சர்வரில் லாகின் ஆனதால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. கடைசி லாகின் நேற்று ராத்திரி 11.20. நான் இல்லை. முதலில் அதை முடக்கிவிட்டு வருகிறேன்.