பனியில் ரிமோட் கார்: துடுப்பு டயரா, டிராக்கா, ஆணி டயரா?

கடையில் வந்த டயரோடு வண்டியைப் பனியில் இறக்கினால் பத்தடி ஓடும். அப்புறம் வயிறு தட்டி உட்கார்ந்துகொள்ளும், நான்கு சக்கரமும் சும்மா சுழலும். டொராண்டோ பக்கம் முதல் பனி விழுந்த வாரத்தில் ரிமோட் கார் ஓட்டும் எல்லா ஆர்சிக்காரர்களுக்கும் இதே கதைதான். என்ன மாட்டலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. எந்த மாதிரிப் பனியில் ஓட்டப்போகிறீர்கள் என்பதைத்தான்.

ஜனவரியில் மைனஸ் பத்தில் விழும் பனி மாவு மாதிரி இருக்கும், கையில் பிடித்தால் உருண்டை சேராது. அதற்குத் துடுப்பு டயர்தான். டயரைச் சுற்றிக் குட்டி மண்வெட்டிகள் நிற்பதுபோல ரப்பர் தகடுகள் இருக்கும். மணலில் ஓட்டுவதற்கென்று வந்த சமாச்சாரம், பனிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒன்றே ஒன்று, வேகம் வேண்டும். வேகம்தான் வண்டியைப் பனியின் மேல் மிதக்க வைக்கிறது. திராட்டிலை, அதாவது ரிமோட்டின் வேக விசையை, அழுத்தினால் அழுத்தியதுதான். நடுவில் கையை எடுத்து யோசித்தால், மறுபடி அழுத்தும்போது தனக்குத்தானே குழி தோண்டி இறங்கிவிடும். அதனால் கார்பன் பிரஷ் இல்லாத, சக்தி கூடிய பிரஷ்லெஸ் மோட்டார் இருந்தால் நல்லது. மோட்டார் தண்டில் இருக்கும் பினியன் கியரையும் ஒன்றிரண்டு பல் குறைந்ததாக மாற்றிவிடுங்கள். வெளியே குளிர்தானே, மோட்டார் எப்படிச் சூடாகும் என்று நானும் நினைத்திருந்தேன். பனியைத் தள்ளுகிற பாரத்தில் ஐந்தே நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு.

மார்ச் மாதத்து ஈரப்பனியில் துடுப்பு எடுபடாது. தகடுகளுக்கு நடுவே பனி அப்பி, டயர் கொழுக்கட்டை ஆகிவிடும். ஆனாலும் நல்ல மாவுப்பனியில் பின்னால் எழும்பும் அந்த வெள்ளைப் புழுதிக்காகவே ஒரு செட் வாங்கலாம் என்பேன்.

ஒருநாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, பத்து நிமிட இடைவேளைக்குப் பின் போதை ஏறியதுபோல் தள்ளாடியது. ஆக்சில் வளைந்துவிட்டது என்று பாதி வண்டியைக் கழற்றினேன். கோளாறு டயருக்குள் இருந்தது. ரிம்மில் இருக்கும் காற்றுத் துளை வழியாக உருகிய நீர் புகுந்து, உள்ளே இருக்கும் ஃபோமில் ஊறி, ஒரு பக்கமாக உறைந்திருந்தது. இப்போது ரிம் துளையை டேப்பால் அடைத்து, டயரின் நடுவில் இரண்டு சின்ன ஓட்டை போட்டுவிடுகிறேன். சுழலும்போது தண்ணீர் தானாக வெளியே போய்விடும்.

டிராக் விஷயமே வேறு. டிராக்ஸஸ் கம்பெனி, மேடுபள்ளத்தில் மெதுவாக ஏறும் தன் டிஆர்எக்ஸ்-4 கிராலர் வண்டிக்கு விற்கும் டிராக்குகளில், சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூலைக்கு ஒன்றாக முக்கோண வடிவப் பட்டையை மாட்ட வேண்டும். எடை பரவிவிடுவதால், துடுப்பு டயர் புதைந்துபோகும் ஆழத்திலும் இது மெதுவாக ஊர்ந்து போகும். இடது வலது சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே லாக் செய்து, இரண்டையும் சேர்ந்து சுழல வைக்கும் வசதியும் அந்த வண்டியில் உண்டு, மேடு ஏற அது பெரிய உதவி. ஆனால் விலை டயரைப் போலப் பல மடங்கு. பட்டைக்குள் பனி இறுகி உறைந்தால் குச்சியால் நோண்ட வேண்டும். வேகம் நடைவேகம்தான். என் மகனுக்கு ஐந்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிட்டது. எனக்கோ மணிக்கணக்கில் அலுக்கவில்லை, அது வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

ஆணி டயர் வெறும் ஐஸுக்கு மட்டும். பழைய டயரின் உள்பக்கத்திலிருந்து சின்னச் சின்ன ஸ்குரூ திருகி, முனை வெளியே எட்டிப் பார்க்கும்படி செய்தால் போதும், செலவே இல்லை. ஐஸில் துடுப்பு டயர் வழுக்கிக்கொண்டு திரியும், இது தண்டவாளம் போட்டதுபோல் திரும்பும். நாய், குழந்தை அருகே ஓட்டாதீர்கள். வீட்டின் மரத்தரையிலும்.

நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சின் வண்டி வைத்திருக்கும் நைட்ரோக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பனிக்கு எலெக்ட்ரிக்தான். குளிரில் பிஸ்டன் இறுகிக் கிடக்கும், ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் தலையை ஹேர் டிரையரால் சூடாக்க வேண்டும், ஓடும்போது சூடு தங்க அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்தால் ஆட்டம் முடிந்தது.

எலெக்ட்ரிக்கில் குளிர் கடிப்பது பேட்டரியை. லிப்போ எனும் லித்தியம் பாலிமர் பேட்டரியின் உள் மின்தடை ஏறி, திராட்டிலை முழுதாக அழுத்தும்போது வோல்டேஜ் சரிந்து, சார்ஜ் மீதம் இருக்கும்போதே, வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் விழுந்துவிடும். நிக்கல் பேட்டரியும் குளிரில் சோரும். அதோடு ஒப்பிட்டால், ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக் கொண்டுபோன லிப்போதான் மேல். திரும்பி வந்ததும் சில்லென்று இருக்கும் லிப்போவைச் சார்ஜரில் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும், ஆபத்தும் கூட.

பெட்டியில் 'வாட்டர்புரூஃப்' என்று போட்டிருப்பது மின்பாகங்களுக்குத்தான், பேரிங்குக்கு அல்ல. சாலையில் தூவும் உப்பு பட்டால் ஒரே வாரத்தில் பேரிங் கரகரக்கும். எந்த டயர் மாட்டினாலும் உப்புச் சாலையில் மட்டும் இறக்காதீர்கள். ஓட்டி முடித்ததும் வெளியிலேயே பழைய பெயின்ட் பிரஷால் பனியைத் தட்டிவிடுங்கள், உள்ளே கொண்டுபோனால் அத்தனையும் தண்ணீராகும். சில்லிட்ட வண்டியைச் சூடான ஹாலுக்குள் கொண்டுவந்தால் காற்றின் ஈரமும் அதன்மேல் வியர்த்துப் படியும். என்னுடையது இரவு முழுக்க பாடியைக் கழற்றி, ஃபேன் முன்னால். காலையில் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

மைனஸ் இருபதில், சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் நைலான் சஸ்பென்ஷன் கைகள் பிஸ்கட் மாதிரி முறியும். மாட்டுவதற்கு முன் புதுக் கைகளைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் கொதிக்கவிட்டால், நைலான் ஈரத்தை உறிஞ்சி வளைந்து கொடுக்கும். அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சாம்பார் பாத்திரத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.