கேனான் எஸ்எக்ஸ்740: 40 மடங்கு ஜூம் எங்கே கைகொடுக்கும், எங்கே இடறும்

சுற்றுலாவுக்கு ஜூம் கேமரா வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது "எத்தனை எக்ஸ்?", அதாவது எத்தனை மடங்கு ஜூம், என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. முழு ஜூமில் லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும்? தூரத்தில் இருப்பதைத் திரையில் தேடிப் பிடிக்க முடியுமா? 2018-இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் இரண்டாவதில் அசத்துகிறது, முதலாவதில் இடறுகிறது.

எடை 299 கிராம், தடிமன் 4 செ.மீ. லென்ஸின் குவியத் தூரம் 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 24-இலிருந்து 960 மி.மீ. வரை போகும்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். கொஞ்சம் விலகி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் முழுதாக அடங்கும். நின்ற இடத்தை விட்டு நகராமலே, மேல் நிலையில் இருக்கும் ஒரே ஒரு சுதைச் சிற்பத்தையும் எடுத்துவிடலாம்.

960-இல் 100 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் வருவது சுமார் 3.6 மீட்டர் அகலம்தான். 50 மீட்டரில் 1.8. வேடந்தாங்கலில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரை படத்தை நிறைக்கும். ஆனால் கை ஒரு இம்மி ஆடினாலும் திரையில் வெறும் வானம். இங்கேதான் 'ஃப்ரேமிங் அசிஸ்ட்' பொத்தான் கைகொடுக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் லென்ஸ் பின்வாங்கி அகலக் காட்சியைக் காட்டும், நடுவில் வெள்ளைக் கட்டம் தெரியும். பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு இந்தக் கேமராவைச் சொல்ல இந்த ஒரு பொத்தானே போதும்.

இனி வெளிச்சம். முழு ஜூமில் ஒளி நுழையும் துளை எஃப்/6.9 (எண் கூடினால் துளை சிறுக்கும்). படத்தைப் பதியும் சென்சாரோ 6.2 × 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இலேயே 1/600 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். மேகமூட்டத்தில் 1/500 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 600 வரை ஏறும். மாலை நிழலில் 2400-ஐ நெருங்கும். ஐஎஸ்ஓ அவ்வளவு ஏறினால் இறகின் கோடுகள் எல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். ஆட்டோவில் விட்டால் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றாமல் ஷட்டரை மெதுவாக்கப் பார்க்கும், படம் கலங்கும். எனவே டயலை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் 'டிவி' (Tv) நிலையில் வைத்து, உட்கார்ந்த பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1000 கொடுங்கள். கூர்மை கூடும் என்று எஃப்/8-க்குப் போக வேண்டாம். இவ்வளவு சின்ன சென்சாரில் துளை குறுகினால் ஒளி சிதறி இருக்கிற கூர்மையும் போய்விடும்.

வாங்கியதும் மெனுவில் டிஜிட்டல் ஜூமை ஆஃப் செய்துவிடுங்கள். 40-க்கு மேல் வருவது வெட்டிப் பெரிதாக்கிய படம், அதை வீட்டுக்கு வந்து கணினியிலேயே செய்யலாம். நண்பகலில் தரையிலிருந்து எழும் அனல் தூரக் காட்சியை நெளிய வைக்கும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலை 9 மணிக்குள் எடுப்பதே வழி.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, தொடுதிரை இல்லை, பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பு இல்லை. வெயிலில் திரை தெரிய ஒளியைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஒரு சார்ஜுக்குக் கேனான் சொல்வதே 265 படம்தான். என்பி-13எல் பேட்டரி இன்னொன்று கட்டாயம் வேண்டும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும். கடற்கரையில் மணல் புகுந்தால் குழல் இறுகிவிடும். மணல் பறக்கிறது என்றால் ஜூமைத் தொடாதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது அரை மணி நேரம் மூடிய பிளாஸ்டிக் பையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூக்கும்.

பழைய மாடல் என்பதால் கடையில் பார்த்தே வாங்குங்கள். முழு ஜூமில் எஃப்/8 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள், கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. 24-இல் செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

தொடுதிரையும் யுஎஸ்பி-சியும் வேண்டுமென்றால் 2025-இல் வந்த பானசோனிக் டிஇசட்99 இருக்கிறது. 30 மடங்கு, 720 மி.மீ. கோயில் மண்டபம், இரவுக் கடைத்தெரு, விருந்து என்று பெரும்பாலும் மங்கிய ஒளியில் எடுப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஜூம் குறைந்தாலும் பரவாயில்லை, 'ஒரு அங்குல' சென்சார் என்ற பெயரில் வருவதைப் பாருங்கள். அதன் பரப்பு இந்தச் சென்சாரைப் போல நான்கு மடங்கு.