2 கிலோ காஸுக்குக் காசு கொடுத்தேன், கிடைத்தது 900 கிராம்

மீன்தொட்டிக்கோ வெல்டிங்குக்கோ சோடா அடிக்கவோ சின்னச் சிலிண்டரில் காபனீரொட்சைட்டு நிரப்புகிறவர்கள், சிலிண்டரைத் தராசில் வைக்காமல் காசை நீட்ட வேண்டாம். மீற்றர் ஊசி எவ்வளவு உயரத்தில் நின்றாலும் சரி. நான் ஊசியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு கோமாளி மீன்களும் மூன்று கடல் முள்ளெலிகளும் ஒரே இரவில் செத்துப் போயின. அதற்கு முந்திய ஆறு கிழமையும் என் கைவேலைதான் பிழை என்று நினைத்து நான் பட்ட பாடு தனிக்கதை.

வீடு கிளிநொச்சிக்குப் பக்கத்தில். இரணைமடுத் தண்ணியில் நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கடல்தண்ணித் தொட்டி வைத்திருக்கிறானே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மாதம் ஒருமுறை 20 லீற்றர்க் கான்களோடு முல்லைத்தீவுக்குப் போய்த் தண்ணி அள்ளி வருவேன். மாரியில் நந்திக்கடல் வாய் திறந்திருக்கும் நாட்களில் அள்ள மாட்டேன், உப்பு குறைந்துவிடும். தொட்டி 300 லீற்றர். அதில் உயிர்ப்பவளம் கிடையாது. இலங்கையில் கல்பவளங்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை, கடலில் இருந்து ஒடித்து வந்து வளர்க்க முடியாது. என்னிடம் இருப்பவை சீமெந்தும் மணலும் கலந்து நானே வார்த்த கற்கள், அவற்றில் படர்ந்த இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி, அப்புறம் ஹலிமிடா. காசுகளைக் கோத்தது போல் வளர்கிற பச்சைப் பாசி அது. உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு. தழைத்து வளர ஆரம்பித்தால் தண்ணியில் உள்ள கல்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சித் தள்ளிவிடும். கடல்தண்ணியில் கல்சியம் லீற்றருக்கு 410 மில்லிகிராம் அளவில் இருக்கும். என் தொட்டியில் அது 350க்கு இறங்கியிருந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் பவளத்தொட்டி வைத்திருக்கிறான். அவன் வீடியோவில் தன் கல்சியம் ரியாக்டரைக் காட்டினான், கல்லைக் கரைத்துத் தொட்டிக்குக் கல்சியம் கொடுக்கிற கருவி அது. விலையைக் கேட்டதும், நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹலிமிடாவுக்கு ரியாக்டர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். சுண்ணாம்புத் தண்ணி சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும். ஆசை, வேறென்ன.

வேலை செய்கிற விதம் எங்கள் வீட்டுக் கிணறும் கேத்திலும் சேர்ந்தது போலத்தான். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகும். சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கரைந்த கல்சியத்தோடு கிணற்றுக்கு வரும். அந்தத் தண்ணியைக் கொதிக்கவைத்தால் காஸ் வெளியேறிவிடும், கல் திரும்பவும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். ரியாக்டரில் நடப்பது அந்த முதல் பாதி. ஒரு மூடிய குழாய்க்குள் அரகனைட் என்ற சுண்ணாம்புக்கல் வகையைப் போட்டு, தொட்டித் தண்ணியைச் சுற்றவிட்டு, காபனீரொட்சைட்டைக் குமிழ் குமிழாகக் கொடுத்தால், உள்ளே பி.எச். 6.5, 6.7 அளவுக்கு இறங்கும், அந்த எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். கல் கரையும். கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த தண்ணி சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும்.

நாலு அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பில் இரண்டடி, மேலே திருகு மூடி, கீழே ஒட்டிய மூடி, ஒரு சின்னப் பம்பி, சேலைன் ஏற்றும் குழாயில் இருக்கிற உருளைத் திருகி, அதுதான் சொட்டுக்கு. மூன்று நாளில் முடிந்தது. ஒட்டிய இடம் ஒவ்வொன்றிலும் ஒரு இரவு முழுக்கத் தண்ணி நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நான் சந்தேகப்பட்டது இந்த மூட்டுகளைத்தான்.

சிலிண்டரையும் ரெகுலேற்றரையும் ஏ9 வீதியில் ஒரு நகரத்துக் கடையில் வாங்கினேன். பெயரை எழுதப் போவதில்லை. பாவித்த இரும்புச் சிலிண்டர், 2 கிலோ பிடிக்கும். மார்கழி மாதம், காலை எட்டு மணி. முதலாளி ரெகுலேற்றரைப் பூட்டித் திறந்து காட்டினார். ஊசி 65 பார் அமுக்கத்தில் போய் நின்றது. “பாருங்கோ தம்பி, ஃபுல்” என்றார். நானும் பார்த்தேன், ஃபுல். இரண்டு கிலோவுக்குக் காசு கொடுத்தேன். பில் கேட்கவில்லை. அந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

அந்த ஊசி சொல்வது என்ன என்று எனக்கு அன்று தெரியாது. சிலிண்டருக்குள் காபனீரொட்சைட்டு திரவமாக இருக்கும், அதற்கு மேல் ஆவி. ஊசி காட்டுவது அந்த ஆவியின் அமுக்கத்தை. அது வெப்பநிலையைப் பொறுத்தது, திரவம் எவ்வளவு கிடக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. 20 பாகையில் 57 பார், 25 பாகையில் 64 பார். அடியில் ஒரு கோப்பை திரவம் கிடந்தாலும் அதேதான், கழுத்துவரை நிரம்பியிருந்தாலும் அதேதான். சமையல் காஸ் சிலிண்டரை நாங்கள் ஊசி பார்த்தா வாங்குகிறோம்? தூக்கித்தானே பார்க்கிறோம். இந்த யோசனை எனக்கு வரவேயில்லை. 31 பாகையைத் தாண்டினால் திரவம் என்று பிரிந்து ஒன்று உள்ளே நிற்காது, அதனால் எங்கள் ஊர் சித்திரை மத்தியானத்தில் ஊசி எங்கெங்கோ ஏறும். ஆகையால் நிரப்பிய சிலிண்டரை வெயிலிலோ பூட்டிய வாகனத்திலோ வைக்காதீர்கள். அது வேறு ஆபத்து.

நொடிக்கு ஒரு குமிழ் என்று வைத்தேன். 2 கிலோ இருந்தால் என் கணக்குப்படி நாலு மாதம் வரவேண்டும். பதினைந்தாம் நாள் ஊசி இறங்கத் தொடங்கியது. எங்கோ காஸ் கசிகிறது என்று முடிவெடுத்தேன். சவர்க்கார நுரையைப் பூசிப் பூசிப் பார்த்தேன். டேப்பைக் கழற்றிச் சுற்றினேன், காஸ் குமிழ்களை எண்ணிப் பார்க்கிற சின்னக் குப்பியான குமிழ் எண்ணியை மாற்றினேன், ரெகுலேற்றரின் வொஷரை மூன்று தரம் மாற்றினேன். ஒரு இடத்திலும் நுரை வீங்கவில்லை. ஆனாலும் ஊசி நாளுக்கு நாள் கீழே. “உன்னுடைய பைப் வேலையை விட்டுட்டு ஒழுங்கான சாமான் வாங்கு” என்றான் மச்சான். எனக்கே என் கையில் நம்பிக்கை போய்விட்டது. மேல்மூடியை வெட்டி எறிந்து புதிதாக ஒன்று ஒட்டினேன். நன்றாக இருந்த மூடி அது.

எட்டாவது கிழமை, இரவு. அமுக்கத்தை ஒரே படியில் குறைக்கிற ஒற்றைக் கட்ட ரெகுலேற்றர்களுக்கு ஒரு குணம் உண்டு, என்னுடையதும் அதுதான். சிலிண்டர் முடியும் தறுவாயில் உள்ளே வரும் அமுக்கம் விழ விழ, வெளியே போகும் அமுக்கம் ஏறும். நாங்கள் திருகி வைத்த அளவு அளவாக இருக்காது, மிச்சக் காஸ் முழுக்க ஒரேயடியாகப் பாயும். இது தெரிந்தவர்கள் முடிவதற்கு ஒரு கிழமை முந்தியே சிலிண்டரை மாற்றிவிடுவார்கள். நாலு மாதக் கணக்கில் இருந்த எனக்கு முடிவு எப்போது என்று எப்படித் தெரியும்? விடிய எழும்பிப் பார்த்தால் குமிழ் எண்ணி காலியாக, அமைதியாக இருந்தது. தொட்டியில் பி.எச். 6.7. முதல் நாள் அது 8.2. கோமாளிகள் இரண்டும் அடியில் சாய்ந்து கிடந்தன. முள்ளெலிகள் முள்ளை உதிர்த்துவிட்டன. ஹலிமிடா கொத்துகள் பாதி வெளுத்துப் போயின. கதவு யன்னல் எல்லாம் திறந்து, இரண்டு காற்றுப் பம்பியைப் போட்டு, தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். மதியம் 7.8க்கு வந்தது. நத்தைகள் மட்டும் தப்பின.

அப்போதும் நான் கடையைச் சந்தேகப்படவில்லை. அதே கடைக்கே போய், அதே சிலிண்டரைத் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் எங்கள் ஊர் நெல் ஆலையில் தேத்தண்ணி குடிக்க நின்றேன். ஆலைக்கார ஐயா சிலிண்டரைப் பார்த்துவிட்டு, “எத்தினை கிலோ?” என்றார். “ரெண்டு கிலோ ஐயா.” “நிறுத்தவங்களோ?” “இல்லை, மீற்றரில காட்டினவங்கள்.” அவர் சிரிக்கவில்லை. மூட்டை நிறுக்கிற தராசைக் கையால் காட்டினார். மூட்டைக்கு மூட்டை கழிவு வெட்டுகிற வியாபாரிகளோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய மனுஷன். அவருக்குக் காபனீரொட்சைட்டும் கீரிச்சம்பாவும் ஒன்றுதான்.

சிலிண்டரின் தோளில் அதன் வெறும் நிறை குத்தியிருக்கும். என்னுடையதில் 6.8 கிலோ. இரண்டு கிலோ சேர்ந்தால் 8.8 காட்ட வேண்டும். தராசு 7.7 காட்டியது. ரெகுலேற்றரைப் பூட்டாமல்தான் நிறுத்தோம். இரண்டாம் தரமும் வைத்துப் பார்த்தோம், 7.7. அதாவது 900 கிராம். ஊசி? பூட்டிப் பார்த்தேன், அன்றும் நல்ல உயரத்தில்தான் நின்றது.

அன்று இரவு மச்சானோடு கதைத்தபோதுதான் விளங்கியது. பெரிய சிலிண்டரில் இருந்து சின்னதுக்கு வெறும் குழாயைப் பூட்டித் திறந்துவிட்டால், இரண்டு பக்கமும் அமுக்கம் சமனானதும் ஓட்டம் நின்றுவிடும். முழுதாக நிரப்ப வேண்டுமானால் பெரியதைக் கவிழ்த்துத் திரவம் வரச் செய்ய வேண்டும், சின்னதை ஐஸில் குளிர வைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள பம்பி வேண்டும். அந்தக் கடையில் இது எதுவும் இல்லை. ஆகவே ஆரம்பத்தில் வேண்டுமென்று களவெடுத்தார்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்திருக்கலாம். ஆனால் திரும்பப் போய்க் கேட்டபோது வந்த பதில் அந்தச் சந்தேகத்தையும் போக்கிவிட்டது.

“மீற்றரைப் பாத்துத்தானே அண்ணை எடுத்தனீங்கள்?” என்றார். முதல் தரம் தம்பியாக இருந்த நான் இப்போது அண்ணை. இங்கேயே நிறுத்துப் பார்ப்போம் என்றேன், தராசு பழுது என்றார். மேசைக்குக் கீழே தராசு இருந்தது. ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கடையில் இன்னொன்றும் வாங்கியிருந்தேன். ‘இறக்குமதி அரகனைட்’ என்று நாலு கிலோப் பை, ஒரு எழுத்தும் அச்சடிக்காத வெள்ளைப் பை. சிலிண்டர் விஷயம் வெளித்த பிறகு ரியாக்டரைத் திறந்து அதையும் கொட்டிப் பார்த்தேன். கிளைகிளையாக உடைத்த முருகைக்கல், அதாவது பவளக்கல், சில துண்டுகளில் புழுக்கூடும் காய்ந்த பாசியும் ஒட்டியபடி. அரகனைட்தான், பொய்யில்லை. எந்தக் கடலில் இருந்து இறக்குமதி என்பதுதான் கேள்வி. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கரையோர வலயத்தில் பவளத்தைத் தோண்டுவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் ஏற்றிக்கொண்டு போவதும்கூடக் குற்றம். 2004இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட முல்லைத்தீவுக்காரருக்கு முருகைக்கல் கரைக்கு என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரியாமல் வாங்கினேன் என்றாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. பை வாங்குகிறவர்கள் உற்பத்தி செய்தவர் யார் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டுகளில் கடல் வாசம் அடித்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் என்னிடம் இல்லாததால் நான் போகவில்லை. நீங்கள் பில்லை வாங்குங்கள், அதில் ‘2 கிலோ’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். ரெகுலேற்றர் வாங்குகிற வசதி உள்ளவர்கள் இரட்டைக் கட்டம் உள்ளதை எடுங்கள், கடைசி நேரப் பாய்ச்சலில் இருந்து தப்பலாம். எனக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை, அதனால் சிலிண்டரில் 200 கிராம் மிஞ்சும்போதே கழற்றிவிடுகிறேன்.

இப்போது நிரப்புவது வேறு ஊரில். அவர்கள் சின்னச் சிலிண்டரைத் தராசின் மேல் வைத்தே நிரப்புகிறார்கள், இலக்கம் ஏறுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்கலாம். போய்வர அரை நாள் ஆகும். திரும்பி வரும்போது ஆலையில் இன்னொரு தரம் நிறுப்போம். ஐயா அதைச் சுவரில், நெல் கணக்குக்குப் பக்கத்தில், சோக்கால் எழுதிவைக்கிறார். நிரப்பி நாலு கிழமை ஆகிறது. ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு இன்று காலை நிறுத்தபோது 8 கிலோ 350. ஊசி முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூட்டுகளில் ஒன்றைக்கூட நான் இந்த முறை தொடவில்லை.