“90 நாளில் கூகுள் முதல் பக்கம்” என்று போன் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

கும்பகோணத்தில் நவக்கிரகக் கோயில்களுக்குக் கார் விடும் ஒரு டிராவல்ஸ்காரர், தன் வெப்சைட்டைக் கூகுள் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்சிக்கு மாதம் 6,000 வீதம் நான்கு மாதம் கட்டி ஏமாந்திருக்கிறார். 24,000 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை. சீசன் நேரத்தில் அவருக்கு வர வேண்டிய போன் வேறொருவருக்குப் போயிருக்கிறது. ஏஜென்சியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள், வித்தை அதேதான்.

“கூகுளிலிருந்து பேசுகிறோம்” என்றுதான் ஆரம்பித்தார்கள். விளம்பரத்துக்குக் கூகுள் காசு வாங்கும். தேடல் வரிசையில் இடம் விற்பதில்லை. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தாலே பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் மறுநாளே கடைமடைக்கு வந்துவிடுமா?

மாதாமாதம் ரிப்போர்ட் வந்தது: 40 கீவேர்டு (தேடும் சொற்கள்), எல்லாமே முதலிடம். அதில் ஒன்று, “கும்பகோணம் டு கஞ்சனூர் ஆலங்குடி ஒரு நாள் ஏசி கார் குறைந்த வாடகை”. இப்படி எவர் தேடுவார்? தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து மூன்று மாதத்துக்குப் பார்த்தால் அந்த வரிக்கு இம்ப்ரெஷன் (தேடலில் தெரிந்த தடவை) 9, கிளிக் 0, சராசரி இடம் 1. முதலிடம்தான், பார்க்கத்தான் ஆளில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் கும்பகோணத்தில் உட்கார்ந்து எடுத்தது. இடத்துக்குத் தகுந்தபடி முடிவுகள் மாறும். சென்னையிலிருந்து தேடும் குடும்பத்துக்கு அதே வரிசை வராது.

“2,000 பேக்லிங்க்” என்றார்கள், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகள். சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் பார்த்தால் பாதி சூதாட்டத் தளங்கள். இப்படிப்பட்ட இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காது. மோசமானால் கூகுள் ஆட்களே பார்த்துத் தளத்தைத் தண்டிக்கும் மேனுவல் ஆக்‌ஷன் வரும். ‘டொமைன் அத்தாரிட்டி 35’ என்று காட்டியது மாஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண்; கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 60 பக்கம் போட்டிருந்தார்கள். மயிலாடுதுறை, திருவாரூர், நாகை, எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. அவசரத்தில் கஞ்சனூரைச் சனி ஸ்தலம் ஆக்கிவிட்டார்கள். அது சுக்கிரன் என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்கு டோர்வே பக்கம் என்று பெயர், கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு விரோதம். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், கீழப்பெரும்பள்ளம் கிழக்கே கடலோரம், மதியம் நடை சாத்துவதற்குள் எதை முடிக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஒரே ஒரு பக்கம் உருப்படியாக எழுதியிருந்தால் அந்த அறுபதுக்கும் மேல்.

ஐந்தாம் மாதம் பணத்தை நிறுத்தியதும் தளத்தின் முகப்புப் பக்கமே தேடலில் காணவில்லை. சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அந்தப் பக்கத்தில் ‘நோஇண்டெக்ஸ்’ (தேடலில் சேர்க்காதே) என்று ஒரு வரி. அதை எடுத்துவிட்டு மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேட்டால் போதும், சரியாகிவிடும். கூகுள் மேப்பில் இருந்த கடை விவரம்தான் பெரிய தலைவலி. அதன் முதன்மை உரிமையாளராக ஏஜென்சி தன் மெயிலையே போட்டிருந்தது. போன் நம்பரையும் மாற்றிவிட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இடம்) உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். சர்ச் கன்சோலில் நீங்கள் ஓனர், அவர்கள் வெறும் யூசர். மேப்பில் அவர்களுக்கு மேனேஜர் பதவி போதும். சர்ச் கன்சோலில் அவர்களை ஏற்கெனவே ஓனராகச் சேர்த்திருந்தால், பெயரை நீக்கினால் மட்டும் போதாது. உரிமையைக் காட்ட அவர்கள் வைத்த வெரிஃபிகேஷன் ஃபைலையும், டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் அதற்காகவே போட்ட டிஎக்ஸ்டி ரெக்கார்டையும் அழியுங்கள். இல்லாவிட்டால் அதைக் காட்டித் திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள்.

மேப் விவரம் கைவிட்டுப் போயிருந்தால் அதிலேயே உரிமை கோரி விண்ணப்பியுங்கள். இப்போதைய உரிமையாளருக்கு 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் திறக்கும். கூகுள் பெயரைச் சொல்லிப் பணம் பிடுங்கியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.