டிஸ்க்கும் சந்தாவும்: கோத்தகிரியில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் 2021 முதல் வீடியோ கேம் ஆடும் பெட்டிகளான (கன்சோல்) சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இரண்டும் ஒரே தொலைக்காட்சியில் இணைந்திருக்கின்றன. நிண்டெண்டோ நிறுவனத்தின் சுவிட்ச் கன்சோல் பின்னர் வந்து சேர்ந்தது. எது படத்தைக் கூர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு இணையத்தில் ஒப்பீடுகள் கொட்டிக் கிடக்கின்றன. இத்தனை காலம் புழங்கியபின் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சோனியும் மைக்ரோசாஃப்டும் தத்தம் லாபத்தை எந்த இடத்தில் எடுப்பதென்று முடிவு செய்தனவோ, அந்த முடிவுதான் மலையில் குடியிருப்பவருக்கு எந்தப் பெட்டி உழைக்கும் என்பதையும் முடிவு செய்கிறது.

கன்சோலை அடக்க விலைக்கோ அதற்கும் கீழாகவோ விற்று, பிறகு கேம்களிலும் சந்தாவிலும் பணத்தை மீட்பது இத்தொழிலின் பழைய வழக்கம். தங்கள் கன்சோல் ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கைப்பணம் போடுவதாக எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் 2022-இல் வெளிப்படையாகவே சொன்னார். இந்தியாவில் சீரிஸ் எஸ் 34,990 ரூபாய்க்கும், டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 49,990 ரூபாய்க்கும் அறிமுகமாயின. அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் சலுகை போலத் தோன்றினாலும், சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவ் கிடையாது என்பதால், அதில் ஆடும் ஒவ்வொரு கேமும் மைக்ரோசாஃப்டின் கடை வழியாகவோ, 2017-இல் தொடங்கிய கேம் பாஸ் சந்தா வழியாகவோதான் வீட்டுக்குள் வர முடியும்.

கேம் பாஸின் தாராளத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு புது கேமுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்கும் குடும்பத்தில், மாதச் சந்தாவுக்கு நூற்றுக்கணக்கான கேம்கள் கிடைத்தது பெரிய விஷயம். காசு கொடுத்து வாங்கியே இருக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பல நல்ல கேம்களை அதனால்தான் ஆடினேன். சிக்கல் இணைய இணைப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் முக்கியமான கேம்களைக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் இறக்குகின்றன. கோத்தகிரியில் அது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்தால் ஃபைபர் அறுந்துவிடும். ஆள் வந்து இணைத்துக் கொடுக்கும்வரை 100 ஜிபி கேம் ஒன்று 61 சதவீதத்தில் நிற்கும். போதாக்குறைக்கு, சீரிஸ் எஸ்-இன் 512 ஜிபி சேமிப்பகத்தில் நம் கைக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி மட்டுமே. புதிதாக ஒன்றை இறக்க வேண்டுமானால் பழைய ஒன்றை அழிக்க வேண்டும். அழித்ததை மீண்டும் ஆட ஆசைப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து இறக்க வேண்டும்.

பிஎஸ்5-இலும் அப்டேட் இறங்கத்தான் வேண்டும். ஆனால் கேமின் பெரும்பகுதி டிஸ்க்கிலேயே இருப்பதால், பெரும்பாலான கேம்களை அன்று இணையம் இல்லாவிட்டாலும் ஏற்றி ஆடத் தொடங்கிவிடலாம். அதைவிட முக்கியம், டிஸ்க் கைமாறும். 4,999 ரூபாய்க்கு வாங்கிய டிஸ்க்கை முடித்ததும் அரவேணுவில் உள்ள நண்பனுக்குக் கொடுப்பேன். அது அங்கிருந்து குன்னூர் போய்த் திரும்பும். எல்லோரும் ஆடி முடித்தபின் கோவைக்குப் போகும்போது விற்றுவிடுவேன். வழக்கமாகப் போகும் கடைக்காரர் அட்டையைத் திறந்து, டிஸ்க்கை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, "கீறல் இல்ல தம்பி, பாதி விலைக்கு மேலயே போட்டுக்கலாம்" என்பார். மூன்று வீடுகள் ஆடிய கேமுக்கு ஆளுக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் பார்த்தால், சந்தாவின் மலிவு அவ்வளவாக மலிவாகத் தெரியாது.

இந்தக் கைமாற்றைத்தான் மைக்ரோசாஃப்ட் 2013-இல் கட்டுப்படுத்த முனைந்தது. முந்தைய தலைமுறைக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு என்று அறிவித்தது. அதற்குப் போட்டியான பிஎஸ்4-இல் கேமைப் பகிர்வது எப்படி என்று சோனி ஒரு சிறு காணொளி வெளியிட்டது: ஒருவர் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் 499 டாலருக்கு எதிராக பிஎஸ்4-க்கு 399 டாலர் என்ற விலையும் சேர்ந்துகொள்ள, அந்தத் தலைமுறைப் போட்டி அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதே மாதத்தில் பின்வாங்கியது. ஆனால் அன்று கைதட்டல் வாங்கிய சோனியே 2020-இல் டிஸ்க் இல்லாத பிஎஸ்5-ஐயும் விற்றது. 2023-இல் வந்த மெலிந்த மாடலில் டிரைவைக் கழற்றி மாட்டும் தனிப் பாகமாக ஆக்கி, அதை முதன்முறை இணைக்க இணையம் வேண்டும் என்றும் வைத்துவிட்டது. கடைக்காரருக்குப் போகும் பங்கையும், பழைய டிஸ்க் சந்தையில் தங்களுக்கு எதுவும் வராத விற்பனையையும் விட்டுக்கொடுக்க இரு தரப்புக்கும் மனமில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சீரிஸ் எஸ் நல்ல பிள்ளை. பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். சீரிஸ் எஸ் அதில் பாதியைக்கூடத் தொடாது. அதனால் ஒரு சாதாரண யுபிஎஸ், மின்வெட்டின்போது சீரிஸ் எஸ்-ஐக் கணிசமான நேரம் தாங்குகிறது; பிஎஸ்5-க்குச் சேமித்துவிட்டு அணைக்கும் அவகாசம்தான் கிடைக்கிறது. இங்குள்ள குளிரால் இரண்டுமே சூடேறித் திணறுவதில்லை. ஈரப்பதம்தான் எதிரி. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் காற்றுத் துளைகளின் ஓரம் பூஞ்சணம் படியும். உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, தினமும் சிறிது நேரமாவது ஓடவிடுவது நல்லது.

சுவிட்ச் இந்தச் சண்டையில் சேராதது. வன்பொருள் வலிமையில் மற்ற இருவரோடும் மோதுவதில்லை என்று தன் வீ (Wii) கன்சோல் வந்த 2006-லேயே நிண்டெண்டோ ஒதுங்கிக்கொண்டது. அந்த உத்தி சுவிட்சை 15 கோடிக்கும் மேல் விற்கவைத்தது. பேட்டரியில் ஓடும், கேம்களின் அளவு சிறியது, கேம் அடங்கிய சிறு அட்டையான கார்ட்ரிட்ஜும் டிஸ்க் போலவே கைமாறும். மலைக்கு இதைவிடப் பொருத்தமான கன்சோல் இல்லை. ஆனால் சுவிட்சை நிண்டெண்டோ இந்தியாவில் முறையாக விற்பனைக்குக் கொண்டுவரவில்லை என்பதால், இறக்குமதிப் பெட்டியை நம்பி வாங்க வேண்டும்; பழுதானால் வாரண்டி என்று கேட்க ஓர் இடமும் இல்லை.

இப்போது வாங்குபவருக்கு என் பரிந்துரை டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் நான்கு கேம்களைப் பிற கன்சோல்களுக்குத் தருவதாக அறிவித்ததும், அடுத்த ஆண்டு அதன் கார்ப் பந்தயக் கேமான ஃபோர்சா ஹொரைசன் 5 பிஎஸ்5-க்கே வந்ததும், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை வாங்குவதற்கிருந்த வலுவான காரணத்தைக் கரைத்துவிட்டன. அதிக வலுவுள்ள மாடலான பிஎஸ்5 புரோவுக்காகக் காத்திருக்க அவசியமில்லை. அதில் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 2024 நவம்பரில் பிற நாடுகளில் வெளியானபோது, 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு இங்கு அனுமதி இல்லாததால் அது இந்தியாவுக்கு வரவுமில்லை.

சீரிஸ் எஸ்-ஐ நான் விற்றுவிடவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துக் கேம்கள் பலவற்றை அது இன்னும் ஓட்டுகிறது. டிவிடிக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை என்பதால் பெரும்பாலும் ஏழெட்டு ஜிபிக்கு மிகாது, மழையில் தவழும் இணைப்பில்கூட ஒரே இரவில் இறங்கிவிடும்.