ஆர்எக்ஸ் 100: கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

ஆபீசில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறார். "அண்ணா, உங்க வண்டி எப்படி ஓடுது? வாங்கலாமா?" என்று கேட்டார். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதிவிடுகிறேன். 98 சிசி, 11 குதிரைத்திறன், 1985 முதல் 1996 வரை வந்த வண்டி என்பதெல்லாம் இதைத் தேடுகிறவர்களுக்கு மனப்பாடம். என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரே விஷயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்: ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை விட்ட பிறகு இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்பது.

காலையில் சோக்கை இழுத்து உதைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். குறை சொல்ல முடியாது. இன்ஜின் சூடேறிய பிறகுதான் ஆரம்பிக்கும். சிக்னலில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டாலும் சத்தம் இறங்காது, ரேஸ் அப்படியே நிற்கும். ஐடில் ஸ்குரூவைக் குறைத்து வைத்தால் மறுநாள் காலையில் ஐடிலிங்கே பிடிக்காது, அணைந்துவிடும். மருதமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் கிளட்சைப் பிடித்தேன், இன்ஜின் அலறியது. அன்றைக்குத்தான் இது வெறும் எரிச்சல் இல்லை, ஆபத்து என்று உறைத்தது.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரே பதில்: "கார்பரேட்டர்ல தூசுங்க, கழுவுனாச் சரியாயிரும்." பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் அந்தக் கார்பரேட்டரைக் கழுவினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. ஒருவர் ஆக்சிலேட்டர் கேபிளை மாற்றினார். இன்னொருவர் கார்பரேட்டரையே புதிதாகப் போடச் சொன்னார். யாருமே வண்டியைச் சூடேற்றி, ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி; இன்றைய பைக்குகளைப் போல ஃபோர் ஸ்ட்ரோக் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சி, கீழே வரும்போது அழுத்தி மேலே தள்ளுகிறது. அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தே ஆக வேண்டும். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம்தான் அதற்குக் காவல். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சீல் போனால் ஆயில் கசியும், அவ்வளவுதான். இதில் மேக்னெட் (வண்டிக்கு மின்சாரம் தரும் சக்கரம்) பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவையில் பெட்ரோல் குறையும், இன்ஜின் கொதிக்கும், ரேஸ் தானாக ஏறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். கிளட்ச் பக்க சீல் போனால் வேறு மாதிரி: கியர் ஆயிலை உள்ளே இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகை அடங்காது, ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். இன்று பட்டறை வைத்திருக்கும் இளம் மெக்கானிக்குகள் பலர் ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே கை பழகியவர்கள். அவர்கள் கண் சீல் பக்கம் போகாததில் நியாயம் இருக்கிறது. ஆனால் தெரியாது என்று சொல்லாமல் காசு வாங்கியதில் நியாயம் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. சூடான இன்ஜின் தானாக ரேஸ் ஏறி நிற்கும்போது சோக்கை லேசாக இழுங்கள். சத்தம் இறங்கி ஐடிலிங் ஒழுங்கானால், எங்கிருந்தோ கூடுதல் காற்று வருகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நல்லது. என்னுடையது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, அதுவும் கலவையில் பெட்ரோல் குறைவதன் அடையாளம்தான். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்பரேட்டர் வண்டிகளில் கலவை இன்னும் கொஞ்சம் மெலிந்துபோகிறது.

கடைசியில் உக்கடம் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். கார்பரேட்டரைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. புல்லர் போட்டு மேக்னெட்டைக் கழற்றினார். இன்டேக் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்தார், உள்ளே 6 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்றினார், சீலைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினார். கீழ்ப்பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து நுரை பொங்கிப் பொங்கி வந்தது. சீலை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினால் குழி விழவில்லை. தண்டைப் பிடிக்கும் உள்விளிம்பில் ஒரு ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தது. அந்த வயதில் எந்த ரப்பரும் இறுகித்தான் போகும், தயாரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புது சீலின் விலை இருநூறு ரூபாய்க்குள்தான்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. சீல் மாற்றியதும் வண்டி புகை கக்கி இழுக்க மறுத்தது. இப்போதுதான் கார்பரேட்டரைத் திறந்தார். உள்ளே கம்பெனி அளவைவிடப் பெரிய மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை. எனக்கு விற்றவரோ அவருக்கு முந்தியவரோ, உள்ளே புகும் காற்றை மறைக்கப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். நோயைத் தெரிந்தே மூடி வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரியான ஜெட் போட்ட பிறகு வண்டி ஓடும் அழகே தனி. இரண்டாவது கியரில் முறுக்கினால் நடுவில் திடீரென்று ஒரு உந்தல் வரும், எத்தனை தடவை ஓட்டினாலும் அது சலிக்கவில்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் சட்டென்று இறங்கி, சீராகத் துடித்துக்கொண்டு நிற்கிறது. ஆயில் பம்ப்பையும் பிடுங்காமல் வைத்திருக்கிறேன். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. முறுக்குவதற்கு ஏற்ப அளந்து ஊற்றும் நல்ல ஏற்பாட்டை எதற்காகக் கெடுக்க வேண்டும்?

இவ்வளவு சொல்லிவிட்டு தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள். லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள், எஃப்சி என்ற தகுதிச் சான்று வேலை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காத்திருக்கிறது, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கத் தெரிந்த கைகள் ஊரில் குறைந்துவிட்டன. மனசு கேட்காமல் போவதாக இருந்தால் பிளக் ஸ்பேனரைக் கையோடு எடுத்துப்போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த வண்டியை நீங்களே உதையுங்கள், பத்து நிமிடமாவது ஓட்டுங்கள், நிறுத்தி ஆக்சிலேட்டரை விடுங்கள். சத்தம் இறங்காவிட்டால், "அது கார்பரேட்டர் தூசு" என்று விற்பவர் ஆரம்பிப்பதற்குள் கிளம்பிவிடுங்கள்.