பூட்டு நன்று, கையேடு போதாது: எட்டு மாதம் பயன்படுத்திய லாக்அவுட் பெட்டி

இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது வேறு யாரும் அதை இயக்கிவிடாதபடி மின்சாரம், காற்று போன்ற வழிகளை நிறுத்திப் பூட்டிவைப்பதே லாக்அவுட். அதற்காகப் பராமரிப்புப் பிரிவுக்கென வாங்கிய பெட்டியை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். பத்துப் பூட்டுகள், பலர் பூட்டு மாட்டக்கூடிய ஆறு துளைக் கொண்டிகளான ஹாஸ்ப்கள் இரண்டு, பிரேக்கர் சுவிட்சை நகரவிடாமல் பிடிக்கும் கிளிப்புகள், பால் வால்வின் கைப்பிடியை மூடும் உறை ஒன்று, எச்சரிக்கை அட்டைகள், பன்னிரண்டு பக்கக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. பொருள்களில் பெரிய குறையில்லை, கையேட்டில்தான் இருக்கிறது.

பூட்டுகளின் உடல் மின்சாரம் கடத்தாத நைலானால் ஆனது. பூட்டினால்தான் சாவி வெளியே வரும் என்பதால், அரைகுறையாக மாட்டிவிட்டுச் சாவியோடு போய்விட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் சாவி ஒன்றையும் உடன் வைத்து, ஆள் இல்லாதபோது மேற்பார்வையாளர் திறந்துகொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். பூட்டியவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும், திரும்பி வந்து வேலையைத் தொடங்குமுன் பூட்டு எடுக்கப்பட்டதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989இல் வெளியிட்ட விதி வரிசையாகக் கேட்கிறது. அவற்றில் ஒன்றுகூடக் கையேட்டில் இல்லை. அந்த மாஸ்டர் சாவியை நாங்கள் முதல் வாரத்திலேயே உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய குறை, மின்சாரத்தை நிறுத்தினால் இயந்திரம் செத்துவிட்டது என்ற எண்ணத்தைக் கையேடு வளர்ப்பது. இரண்டாம் மாதத்தில், காற்றழுத்தத்தில் இயங்கிப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்பைப் பழுதுபார்க்க எங்கள் ஃபிட்டர், கையேட்டில் உள்ளபடியே பிரேக்கரைப் பூட்டி, காற்றுவழி வால்வை மூடி, உறையை மாட்டி, அட்டையும் தொங்கவிட்டிருந்தார். பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்த அழுத்தமானியின் முள் மட்டும் 6 பாரில் நின்றிருந்தது. வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. குழாயை அப்போது கழற்றியிருந்தால் கிளாம்ப் பாய்ந்து மூடியிருக்கும். மூடும்போதே உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் வால்வை அங்கே பொருத்தியிருக்க வேண்டும். பெட்டியில் வந்த உறை வழியை அடைக்கிறதே தவிர, அடைபட்டதை வெளியேற்றுவதில்லை.

பிரஸ் இயந்திரத்தில் மேலும் கீழும் இயங்கும் கனமான பகுதியான ராமைத் தூக்கி நிறுத்தியிருந்தாலும், ஸ்பிரிங் இழுபட்டு நின்றாலும் இதே கதைதான். ராமின் எடையைத் தாங்கக் கட்டை வைக்காமல் பிரேக்கரை மட்டும் பூட்டுவதில் பயனில்லை. மின்சாரத்திலேயேகூட, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 400 வோல்ட் டிரைவின் உள்ளே கெப்பாசிட்டர்கள் ஏறக்குறைய 565 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தேக்கி வைத்திருப்பதால், டிரைவின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் குறித்த நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இதைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினால் சிறு வேலைகளுக்குப் போதும் என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. அந்தச் சிவப்புக் குமிழ் பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே துண்டிக்கிறது. மின்வழி அப்படியே உயிரோடு இருக்க, யார் வேண்டுமானாலும் அதைத் திருகி விடுவித்துவிடலாம். பூட்டியபின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லையெனில் பாதுகாப்பு என்கிறது அடுத்த பக்கம். அழுத்திப் பார்ப்பது அவசியந்தான். ஆனால் ஏதோ ஒரு காவல் கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடாது, வழியில் மின்சாரமும் இருக்கும். எனவே முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் மீட்டரைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீட்டர் இன்னும் சரியாக இருக்கிறதா என்று மீண்டும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

அட்டைகளைக் கட்டத் தந்த நைலான் கயிறு உறுதியானது. அதே ஓஷா விதி அட்டையின் கட்டுக்குக் கேட்கும் 50 பவுண்டு இழுவையைத் தாங்குவதாகப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆயினும் அட்டை எச்சரிக்குமே தவிர, கையைத் தடுக்காது. ஹாஸ்ப் நல்ல எஃகு. நால்வர் சேர்ந்து வேலை செய்தால் நால்வரும் தத்தம் பூட்டை மாட்டலாம்.

பூட்டுகளுக்காகவும் ஹாஸ்ப்களுக்காகவும் இதே பெட்டியை மறுபடியும் வாங்குவேன். கையேட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு இயந்திரத்திற்கும் எந்தெந்த ஆற்றல் எங்கே தேங்கும் என்று எழுதிய ஒரு தாளைப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறோம். காற்றை வெளியேற்றும் வால்வுகளைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டிருக்கிறோம்.